மஞ்சள் சிட்டுக்குத் தனிக் கட்டம்

வெகுகாலமாகப் பட்டாசு லேபிளுக்குப் படம் போட்டுவந்த இக்பாலுக்கு ஒரே ஒரு குறைதான். சிவகாசியிலிருந்து ஊர் ஊராகப் போன பெட்டிகளில் அவர் வரைந்த புலி இருந்தது, மயில் இருந்தது, அவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. வெடித்ததும் குப்பையாகிற காகிதத்தில் யார் பெயர் போடுவார்கள்? ஆனாலும் மனுஷனுக்கு ஆசை இருக்காதா?

2004 தீபாவளி சீசன் முடிந்ததும் அந்த ஆசைக்கு வழி பிறந்தது. முதலாளி லட்சுமிகாந்தம் பள்ளிக்கூடங்களுக்குப் பறவை சார்ட் அடிக்க ஆர்டர் பிடித்தார். "நல்லாப் போட்டுக் குடுங்க பாய், கீழ ஓரத்துல உங்க பேரப் போட்டுருவோம்" என்றார். இக்பாலுக்குத் தலைகால் புரியவில்லை.

கருநீலமாக மினுங்கும் ஊதாத் தேன்சிட்டை ஒரு கட்டத்தில் வரைந்தார். அதே வளைந்த அலகோடு, மஞ்சள் வயிறும் பழுப்பு முதுகுமாக இன்னொரு படமும் பார்த்து வரையக் கொடுத்தவற்றில் இருந்தது. லேபிள் தொழிலில் நிறம் மாறினால் சரக்கு வேறு. சிவப்புப் புலி ஒரு அயிட்டம், பச்சைப் புலி வேறொரு அயிட்டம். அதே வழக்கத்தில் இதற்கும் தனிக் கட்டம் கொடுத்து, 'மஞ்சள் சிட்டு' என்று புது இனமே உண்டாக்கிவிட்டார். ஆண்டவன் சேர்த்துவைத்த ஜோடியைப் பிரிக்க அவருக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

'ஓவியம்: இக்பால்' என்று அச்சாகி வந்த சார்ட்டை வீட்டுச் சுவரில் ஒட்டி, வந்தவர் போனவரையெல்லாம் நிறுத்திக் காட்டினார்.

ஆறாவது படிக்கும் மகள் ருமானா ஒருநாள் அவரைக் கொல்லைக்கு இழுத்துப்போய், துணிக்கொடியில் தொங்கிய கூட்டைக் காட்டினாள். "வாப்பா, நீலமும் மஞ்சளும் ஒரே குஞ்சுக்குத்தான் இரை கொண்டாருது. ஆணும் பொண்ணும்தான அது?"

இக்பாலுக்குத் தன் தவறு புரிந்துவிட்டது. மறுநாளே முதலாளியிடம் ஓடினார். லட்சுமிகாந்தம் சிரித்தார். "லோடு போயாச்சு பாய். குருவியா வந்து கேஸ் போடப்போவுது? அம்புட்டு உறுத்துச்சுன்னாச் சொல்லுங்க, அடுத்த தடவ அடிக்கும்போது உங்க பேர எடுத்துருவோம்."

"இருக்கட்டும் முதலாளி" என்று திரும்பிவிட்டார் இக்பால். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சார்ட்டில் பெயர் இல்லாமல் போவதை அதைவிடத் தாங்க முடியாது.

அடுத்த மாதப் பரீட்சையில் மஞ்சள் சிட்டைப் பற்றிக் கேள்வி வந்தது. அது தேன்சிட்டின் பெட்டை என்று எழுதிய ருமானா, அந்தக் கேள்விக்குப் பூஜ்யம் வாங்கிக்கொண்டு வீடு வந்தாள்.

"சார் வகுப்புச் செவத்துல மாட்டிருந்த சார்ட்டத் தொட்டுக்காட்டி, 'படம் போட்டவருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்'னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாக."

இக்பால் மெதுவாகக் கேட்டார். "நீ என்னம்மா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. அது எங்க வாப்பான்னு சொல்லல."