மூன்றாம் நாள் கேக்

எங்கள் ஓயாந்தாய்தாம்போ ஊரில் மலைப்பாதையை நம்பிப் பிழைக்காதவர் யாருமில்லை. அதைக் குறை சொல்லாதவரும் யாருமில்லை. நான்கு நாள் நடந்து மாச்சு பிச்சுவுக்குப் போகிற விருந்தாளிகளுக்காகக் கூடாரம், நாற்காலி, அடுப்பு, எரிவாயு உருளை என்று எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு முன்னால் ஓடுபவர்கள் எங்கள் ஆட்கள்தான். கடைசி நாள் விருந்தாளிகள் இடிபாடுகளை நோக்கி நடக்க, எங்கள் ஆட்கள் ரயிலைப் பிடிக்க வேறு பக்கமாக இறங்கிவிடுவார்கள். ஆயுளில் பாதியை மாச்சு பிச்சு வழியில் கழித்துவிட்டு மாச்சு பிச்சுவைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர்கள் எங்கள் இடுகாட்டில் நிறையப் பேர் உண்டு. அவர்களில் யாரும் அதைப் பெரிய இழப்பாக நினைத்ததாகத் தெரியவில்லை.

நிக்கனோரா பூமயாலி எங்கள் ஊர்க்காரி இல்லை. எங்களுக்கும் மேலே, யானாகோச்சா என்ற சிற்றூர். விருந்தாளிகள் எங்கள் ஊரில் வந்து இறங்கியதுமே உயரம் தாங்காமல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். யானாகோச்சாக்காரர்களோ எங்கள் ஊரைப் 'பள்ளம்' என்பார்கள். அங்கே மரம் வளராது. உருளைக்கிழங்கும் கம்பளி தரும் அல்பாகாவும் பிடிவாதமும் நன்றாக வளரும்.

அவள் கணவன் காப்பி அறுவடைக்கென்று கீழ்க்காட்டுக்குப் போனவன். அறுவடை முடியவே முடியாத ஏதோ ஒரு தோட்டத்தில் மாட்டிக்கொண்டான் போலிருக்கிறது. இரண்டு பெண்பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு நிக்கனோரா சுமை தூக்க வந்தாள். பெண்கள் சுமை தூக்க வருவது அப்போதுதான் தொடங்கியிருந்தது. பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த எடைதான் தரவேண்டும் என்பது விதி. விதி நல்ல விதி. ஆனால் நல்ல விதிகளின் தொல்லையே, அவற்றுக்காக யாராவது பேச்சு வாங்க வேண்டியிருப்பதுதான். சோதனைச் சாவடியில் மூட்டைகளை நிறுக்கும்போதெல்லாம் சிப்ரியானோ ஆரம்பித்துவிடுவான். சுமை தூக்குவதில் மூத்தவன், வாயும் அவனுக்கு மூத்தது.

"அக்கா மூட்டைய மெதுவா வைங்கப்பா, காத்துல பறந்துடப் போகுது."

"உன் மூட்டை பறக்காதுடா. உன் வாயையும் சேத்துல்ல கட்டி வச்சிருக்கே."

இப்படியே நான்கைந்து பருவங்கள் போயின. கேலி அவளை ஒன்றும் செய்யவில்லை. முழங்கால்தான் செய்தது. ஏறுவது மூச்சைத் தின்னும், அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். இன்காக்கள் போட்ட படிகளில் பாரத்தோடு இறங்குவது முழங்காலைத் தின்னும், அதைத் திருப்பித் தருவாரில்லை. நாற்பதைத் தொடுமுன் கம்பூன்றி நடக்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். தனக்கு இன்னும் ஒன்றிரண்டு பருவம்தான் தாங்கும் என்று தெரிந்ததும், அந்தப் பாதையில் ஒரு மனுஷி முழங்காலோடு முதுமை அடைய ஒரே வழி சமையல் என்று முடிவு கட்டினாள். சமையல்காரருக்குக் கத்திகளும் மசாலாப் பையும்தான் சுமை. எல்லோரும் 'மாஸ்டர்' என்று கூப்பிடுவார்கள். பெண் மாஸ்டர் யாரும் அதுவரை அந்த நிறுவனத்தில் இல்லை. பெண்கள் வீட்டில் மூன்று வேளையும் சமைக்கலாம், கூடாரத்தில் சமைத்தால் மட்டும் சரிவராது என்பது பொதுக் கருத்து.

பருவத்தின் நடுவில் பழைய மாஸ்டர் வேறு நிறுவனத்துக்குத் தாவினார். நிக்கனோரா பேருந்து ஏறி குஸ்கோ நகரத்துக்குப் போய், நிறுவன முதலாளி மிர்த்தா அம்மாளின் அலுவலக வாசலில் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அம்மாள் சாப்பிடப் போய்த் திரும்பியபோதும் அதே இடத்தில் நின்றாள்.

"ஒரே ஒரு பயணம்," என்றார் மிர்த்தா அம்மாள் கடைசியில். "வந்தவங்க சந்தோஷமாத் திரும்பினா அடுப்பு உனக்கு. இல்லேன்னா மறுபடி மூட்டை. அப்புறம் வந்து இப்படித் தூண் மாதிரி நிக்கக் கூடாது."

"சரிம்மா."

"கேக் தெரியும்ல?"

"தெரியும்மா," என்றாள் நிக்கனோரா. அதுவரை கேக் என்று எதையும் அவள் செய்ததில்லை.

கேக் சாதாரண விஷயமில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், கடைசி முகாமில், சமையல்காரர் அடுப்பும் சட்டியுமாக ஒரு கேக் சுட்டு விருந்தாளிகள் முன் கொண்டுவந்து வைக்க வேண்டும். சுமைக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள், விருந்தாளிகள் கைதட்டுவார்கள், சிலர் அழவும் செய்வார்கள். யார் ஆரம்பித்த வழக்கம் என்று தெரியாது. ஆனால் கேக் வராத பயணம் முடிந்த பயணமாகாது. கணவாயில் நடுங்கியது, வயிற்றைக் கலக்கியது, கூடாரம் ஒழுகியது எல்லாவற்றையும் அந்த ஒரு துண்டு மறக்கடித்துவிடும். கேக் சரியாக வராவிட்டால், அதே எல்லாவற்றையும் நினைவுபடுத்தியும் விடும்.

நிக்கனோரா யானாகோச்சாவுக்குப் போய்ப் பயிற்சியில் இறங்கினாள். பெரிய சட்டிக்குள் கூழாங்கல், அதன் மேல் சின்னச் சட்டி, மூடி, கீழே சாணிவரட்டித் தீ. பேக்கிங் பவுடர் பொட்டலத்தின் பின்னால் அளவு போட்டிருந்தது. பெரிய மகளை வாசிக்கச் சொல்லி அப்படியே போட்டாள். கேக் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்து, பிறகு நடுவில் பொத்தென்று விழுந்தது. பொட்டலத்தை எழுதியவர்கள் லிமாவில், கடலோரத்தில் உட்கார்ந்து எழுதியவர்கள். அவள் பவுடரைக் குறைத்தாள். மறுபடி விழுந்தது. மறுபடி குறைத்தாள். வீட்டு நாய் இனிப்பைக் கண்டால் ஓடுகிற நிலைமை வந்தபின், கேக் ஒருநாள் அடக்கமாக எழுந்து, எழுந்த இடத்திலேயே நின்றது. அந்த அளவில் மாவையும் பவுடரையும் வீட்டிலேயே கலந்து, பை கட்டி, முடிச்சும் போட்டுவிட்டாள். வழியில் கை தவறக்கூடாதல்லவா.

பயணம் கிளம்பியது. முதல் நாள் முகாமில் சோறு குழைந்தது. அரிசிக் கடைக்காரனைத் திட்டினாள். விருந்தாளிகள் அதற்கு ஏதோ இத்தாலியப் பெயர் சொல்லி இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். இரண்டாம் நாள் 'செத்த பெண்ணின் கணவாய்'. பாதையில் அதைவிட உயரமில்லை. உச்சியில் மூன்று கோக்கா இலையை விரித்துப் பிடித்து மலைகளை நோக்கி ஊதிக் கல்லடியில் வைத்தாள்.

"நல்லா வேண்டிக்கங்க அக்கா," என்றான் சிப்ரியானோ. "ஏற்கெனவே ஒருத்தி செத்து மலையாப் படுத்திருக்கா. உங்களுக்கு இங்க எடமில்ல."

"உனக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன். இன்னிக்கு சூப்பு நான்தானே ஊத்துறேன்."

அன்று மேல் முகாமில் சோறு உதிரி உதிரியாக வந்தது. கடைக்காரனை மன்னித்தாள்.

மூன்றாம் நாள் பாதை இறங்கி இறங்கி, மேகக்காட்டுக்குள் புகுந்து, ஆர்க்கிட் பூக்களும் கொசுக்களும் இருக்கிற வினியாய்வைனா முகாமில் முடிந்தது. வழிகாட்டி வில்பர், விருந்தாளிகளைப் பக்கத்திலிருந்த இன்காப் படிக்கட்டு வயல்களைக் காட்ட அழைத்துப் போனான். வில்பர் சொல்லும் வரலாற்றில் பாதி புத்தகத்தில் இருக்கும். மறு பாதிக்குத்தான் அதிகம் பேர் படமெடுப்பார்கள்.

நிக்கனோரா முடிச்சை அவிழ்த்தாள். முட்டை அடித்தாள், கலக்கினாள், சட்டிக்குள் சட்டி வைத்தாள், தீயைக் குறைத்தாள். வீட்டில் காத்திருந்த அளவுக்குக் காத்திருந்து மூடியைத் திறந்தாள்.

கேக் எழவே இல்லை. ஓரம் கருகி, நடுவே இறுகி, தட்டினால் சத்தம் வருகிற பதத்தில் இருந்தது.

கூடாரத் துணியை விலக்கிப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே தலையை நீட்டினார்கள்.

"அடடா, அருமையான வேலை," என்றான் சிப்ரியானோ. "இன்கா பாத்திருந்தா செவுத்துல வச்சிருப்பாரு. அந்தச் செவுத்துல ரெண்டு கல்லுக்கு நடுவுல கத்தி நுழையாதுல்ல."

"அப்படியே குடுத்துருங்க அக்கா," என்றான் இன்னொருத்தன். "வெள்ளைக்காரங்க கல்லு பாக்கத்தானே இவ்ளோ தூரம் வந்திருக்காங்க."

அந்த நேரம் பார்த்து வில்பர் மட்டும் திரும்பி வந்தான். விருந்தாளிகள் வயல்களில் உட்கார்ந்து அந்தி பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கேக்கை ஒரு பார்வை பார்த்தான். அவன் முகத்தில் கவலையே இல்லை.

"விடுங்க அக்கா, நான் பாத்துக்குறேன். இது சூரியனுக்குப் படைக்கிற ரொட்டி, உப்பக்கூடாதுங்கறது ஐதீகம்னு சொல்லிடறேன். அப்படியே உருகிடுவாங்க."

உருகியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நிக்கனோராவுக்கும் இல்லை.

"சொல்லிட்டா? அடுத்த தடவ வர்றவங்களும் அதையே கேப்பாங்க. ஆயுசு பூரா நான் கெட்டுப்போன கேக்கையே செய்யணுமா?"

"இன்னிக்குப் பொழைக்கிற வழியச் சொன்னேன்."

"எனக்கு எழும்புற கேக் வேணும் தம்பி. நீ போய் அவங்கள இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே ஒக்கார வையி. கதைக்கு உனக்குப் பஞ்சமா?"

வில்பர் போனான். நிக்கனோரா கேக்கை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தாள். மாவு அதேதான், சட்டி அதேதான், கையும் அதேதான். இதே எரிவாயு அடுப்பில்தான் கீழ் முகாமில் சோறு குழைந்தது, மேல் முகாமில் சரியாக வந்தது. யானாகோச்சாவில் அரைநாள் வேகிற உருளைக்கிழங்கு இங்கே இன்று மத்தியானம் கொஞ்ச நேரத்திலேயே கரைந்துபோனது. அப்படியானால் கடைக்காரன் குற்றமற்றவன். அவள் உடம்பு பள்ளத்துக்கு வந்துவிட்டது, அளவெல்லாம் வீட்டிலேயே நிற்கிறது. உலகம் முழுக்க ஆட்கள் உயரத்துக்குப் பயந்து மாத்திரையோடு வருகிற பாதையில், தாழ்வு தாங்காமல் விழுந்தது இந்தக் கேக் ஒன்றுதான்.

உயரத்தில் கொஞ்சம் பவுடரே மாவைத் தூக்கிவிடும், பள்ளத்தில் அது போதாது. மேலே எதைக் குறைத்தாளோ அதை இங்கே திரும்பக் கூட்ட வேண்டும். காலை அப்பத்துக்கு வைத்திருந்த மாவு இருந்தது, பவுடரும் இருந்தது. முட்டைதான் இல்லை. இருந்த முட்டைகள் சுமைக்காரர்களுடையவை. விடியுமுன் ரயிலுக்கு இறங்கி ஓடும்போது ஆளுக்கொன்று அவித்துத் தருவது வழக்கம். அவர்களுக்கு அன்று காலைக்கு அது மட்டும்தான். சொல்லாமல் எடுத்திருக்கலாம். முட்டையை எண்ணிப் பார்க்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. நிக்கனோரா வெளியே வந்து எல்லோர் முன்னாலும் நின்றாள்.

"உங்க முட்டை எனக்கு வேணும்."



"எங்க முட்டையா?" என்றான் சிப்ரியானோ. "நாளைக்கு வெறும் வயித்துல ஓடணுமா?"

"ஆமா."

"இதுவும் எழும்பலேன்னா?"

"அப்ப எனக்கு அடுப்பும் போச்சு, உங்களுக்கு முட்டையும் போச்சு. அடுத்த பயணம் உங்ககூடத்தானே மூட்டை தூக்குவேன். வழி பூரா திட்டிக்கிட்டே வாங்க."

"திட்டுறதுக்கு இப்ப மட்டும் என்ன, உத்தரவா கேட்டோம்?" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். சிப்ரியானோ சிரிக்கவில்லை. மூட்டையிலிருந்து முட்டைத் தட்டை எடுத்து வந்து அவள் கையில் வைத்தான்.

"பழைய மாஸ்டர் கேக்குக்குச் சர்க்கரைய எங்க டீயிலேந்து எடுப்பாரு. எங்கள ஒரு வார்த்தை கேட்டதில்ல," என்றான். "ஒடச்சுத் தொலைங்க சீக்கிரம்."

எவ்வளவு பவுடர் என்று அவளுக்குத் தெரியாது. பொட்டலத்தின் அளவு கடலுக்கு, தன் அளவு யானாகோச்சாவுக்கு. நடுவில் இருக்கிற ஊருக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. கண்ணால் பார்த்து நடுவில் ஒரு அளவு போட்டாள். மூடிய பிறகு திறந்து பார்க்கவில்லை, மற்றவர்களைப் பார்க்க விடவும் இல்லை. சட்டி முன்னால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றாள்.

விருந்தாளிகளின் குரல் பாதையில் கேட்டபோது மூடியைத் திறந்தாள். கேக் எழுந்திருந்தது. கூடாரத் தரை சரிவு என்பதால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உச்சியில் ஒரு வெடிப்போடு, ஆனாலும் எழுந்து நின்றது. அழகான கேக் என்று சொல்ல மாட்டேன். வெடிப்பின் மேல் பழப்பாகு ஊற்றிக் கொண்டுபோய் வைத்தாள். கைதட்டினார்கள். ஒரு பெரியவர் அழுதார். அவர் கணவாயிலும் அழுதவர்.

அதே நேரத்தில் சமையல் கூடாரத்துக்குப் பின்னால் சுமைக்காரர்கள் அந்த முதல் கேக்கை உடைத்துக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு துண்டை விடியலுக்கென்று பைக்குள்ளும் போட்டுக்கொண்டார்கள். விருந்தாளிகள் மிச்சம் வைத்த புதுக் கேக்கையும் வாங்கிச் சுவைத்துப் பார்த்தார்கள்.

"இது பஞ்சு," என்று தீர்ப்புச் சொன்னான் சிப்ரியானோ. "அதுதான் கேக்."

முகாமின் ஓரத்துப் பாறையில் நின்றால் தொலைபேசிக்கு அலை கிடைக்கும். வில்பர் அங்கே நின்று மிர்த்தா அம்மாளிடம், எல்லாம் பிரமாதம், கேக் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நிக்கனோரா கையைத் துடைக்காமலே போய்த் தொலைபேசியை வாங்கினாள்.

"அம்மா, ரெண்டு கேக் செஞ்சேன். மொதல்ல செஞ்சது கெட்டுப்போச்சு. ஆளுங்களோட முட்டைய வாங்கி ரெண்டாவது செஞ்சேன்."

பக்கத்தில் வில்பர் தலையில் அடித்துக்கொண்டான்.

"ரெண்டாவது எப்படி?" என்றது குரல்.

"சாஞ்சிருந்துச்சு. ஆனா நின்னுச்சு. தின்னுட்டாங்க."

"அப்புறம் எதுக்கு மொதல்ல செஞ்சதச் சொல்றே? யாரு கேட்டா?"

"முட்டைக்காகத்தான்மா. இவங்க நாளைக்கு வெறும் வயித்துல எறங்குறாங்க. அடுத்த பயணத்துலேந்து ஆளுக்கு ரெண்டு முட்டை வேணும். அதுல நானோ வேற யாரோ கை வைக்கக் கூடாது."

வில்பர் தொலைபேசியைத் திருப்பி வாங்கக் கை நீட்டினான். 

"நான் உன்ன சமையல்காரியாத்தானே எடுத்தேன்? சங்கத் தலைவியாவா எடுத்தேன்?"

"சமையல்காரியாத்தாம்மா. அப்ப எடுத்தாச்சுல்ல?"

மிர்த்தா அம்மாள் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார். அந்த அம்மாள் வேண்டாம் என்பதை அரைமணி நேரம் விளக்கிச் சொல்கிறவர். அவர் பேசாமல் வைத்தால் என்ன பொருள் என்பது குஸ்கோவிலிருந்து எங்கள் ஊர் வரை எல்லோருக்கும் தெரியும்.

நிக்கனோரா தொலைபேசியில் ஒட்டியிருந்த மாவைப் பாவாடையில் துடைத்து வில்பரிடம் நீட்டினாள். பிறகு சிப்ரியானோவைக் கூப்பிட்டு, அடுப்பு சூடு ஆறியதும் எரிவாயு உருளையோடு சேர்த்துக் கட்டச் சொன்னாள். சொன்ன விதம் மாஸ்டர் சொன்ன மாதிரிதான் இருந்தது. அவனும் கேலியை விட்டுவிட்டுக் கட்டினான்.