டாய்ல் சொன்ன பெயர்

ஓலெட்டா பிங்காம் எங்கள் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் ஆயுள் முழுக்கக் கரண்டி பிடித்தவள். ஒக்லஹோமாவின் இந்த மூலையில் அவளிடம் திட்டு வாங்காமல் பள்ளியை முடித்தவர் யாருமில்லை. நான் பள்ளியை முடிக்கவில்லை. திட்டை மட்டும் முழுசாக வாங்கியிருக்கிறேன். ஒரு ஹாலோவீன் இரவு, பேய் வேஷக் குறும்பு நாளாயிற்றே என்று, அவள் வீட்டு மரங்களுக்குக் கழிவறைத் தாளைச் சுற்றிவிட்டேன். மறுநாள் காலையில் எங்கள் கதவைத் தட்டினாள். "இறங்கி வா, பிசாசே. சுத்தத் தெரிஞ்சதுல்ல, அவுக்கவும் தெரியணும்." அவிழ்த்து முடித்ததும் பீன்ஸும் சோள ரொட்டியும் போட்டாள். உப்பு அதிகம். நான் சொல்லவில்லை.

அவள் கணவன் டாய்ல் கிணறு தோண்டும் வண்டி ஓட்டியவன். பக்கவாதத்தில் தொண்டை பாதி செயலிழந்துபோக, ஊர் எல்லையிலிருக்கும் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கி ஊட்ட வேண்டும். முகவாயைத் தாழ்த்தச் சொல்ல வேண்டும், விழுங்கினானா என்று பார்த்த பிறகே அடுத்த கரண்டி. அவசரப்பட்டால் சாப்பாடு நுரையீரலுக்குப் போய்விடும். ஓலெட்டா மூன்று வேளையும் போய் ஊட்டினாள். ஊரில் எவனுக்கும் காட்டாத பொறுமையை அவனுக்கென்று தனியாக வைத்திருந்தாள் போலும்.

கொரோனா வந்ததும் இல்லத்தின் கதவை மூடிவிட்டார்கள். ஓலெட்டா ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டினாள். உள்ளே போட்ட சட்டை அதே அளவில் இருக்க, அதற்குள் டாய்ல் மட்டும் இளைத்துக்கொண்டே போனான். பக்கத்து அறைகளில் சிலர் தனியாகவே செத்தார்கள். பிள்ளைகள் வந்து கேட்டால், "அவங்களே யாரையும் பார்க்க வேண்டாம்னுட்டாங்க" என்று இல்லத்தில் பதில் சொன்னார்கள்.

அந்தப் பொய்தான் ஓலெட்டாவை மாநிலத் தலைநகரத்துக்கு இழுத்துப் போனது. அவளும் இன்னும் சில பெண்களும் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு, எந்த நோய் வந்தாலும் நோயாளி தேர்ந்தெடுத்த ஒருவரை உள்ளே விட்டே ஆக வேண்டுமென்று சட்டசபையில் கத்தினார்கள். ஓலெட்டா இன்னொரு வரியையும் கேட்டு வாங்கினாள்: அந்த ஒருவர் யார் என்று நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும், இல்லத்துக்காரர்கள் பெயரை எடுத்துக் கொடுக்கக் கூடாது. சட்டம் வந்தது. அதை அட்டை போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மளிகைக்கடையில் வரிசையில் நிற்பவர்களையெல்லாம் படிக்க வைத்தாள். நானும் படித்தேன். பள்ளியை விட்டபின் நான் படித்தது அது ஒன்றுதான்.

போன ஜனவரியில் இல்லத்தில் வாந்திபேதி பரவியது. மறுபடி கதவை மூடினார்கள். ஓலெட்டா கவலைப்படவில்லை. கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டே போனாள்.

இல்லத்தின் மேலாளர் மிசஸ் ஸ்ட்ராஹன் வாசலிலேயே நிறுத்தினாள். "ஒருத்தருக்கு அனுமதி உண்டும்மா. டாய்ல் ஐயாவும் ஆளைச் சொல்லிட்டார்."

"அப்புறம் என்ன? வழியை விடு."

"ஹோபர்ட் க்ரம்."

"யாரு, குடிச்சிட்டு வந்து எங்க வேலியை இடிச்சானே, அந்த ஹோபர்ட்டா?"

"'உங்களைப் பார்க்க யார் வரணும்'னு அவரைக் கேட்டோம். தெளிவாச் சொன்னார். ரெண்டு பேர் சாட்சி இருக்காங்க."

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும், சாப்பாட்டுக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டால், கட்டிய மனைவியின் பெயரை எவனும் சொல்ல மாட்டான். அவள் எங்கிருந்து வர வேண்டும்? டாய்லும் அந்தக் கணக்கில்தான் தன் சிநேகிதனைச் சொல்லியிருந்தான். ஓலெட்டாவுக்கு அது சட்டென்று புரிந்தது.

"மறுபடி கேளு. 'உங்க பொண்டாட்டி வரட்டுமா'ன்னு கேளு."

"பேரை எடுத்துக் குடுக்கக் கூடாதும்மா. சட்டம். நீங்க கொண்டுவந்ததுதானே?"

ஆனாலும் கதவைத் திறந்து வைத்து இன்னொரு தடவை கேட்டார்கள். நடைவழி முழுக்க டாய்லின் கரகரத்த குரல் கேட்டது. "ஹோபர்ட்னு சொன்னேன்ல? இன்னும் வரலையா அந்தச் சோம்பேறிப் பய?"

ஓலெட்டா தலைநகரத்துக்குப் போன் செய்தாள். புகாரைப் பதிந்துகொண்டோம், அடுத்த வாரம் சொல்கிறோம் என்றார்கள். அதுவரை டாய்லுக்கு யார் ஊட்டுவது? ஊழியர்களில் பாதிப் பேர் வாந்தியெடுத்துக்கொண்டு வீட்டில் கிடந்தார்கள். அவள் தீவனக்கடைக்குப் போய், அங்கே நின்ற ஹோபர்ட்டின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாது, ஓலெட்டா. மயக்கம் வந்துடும்."

"அவனுக்கு ஊட்டிட்டு அப்புறமா மயங்கு."

ஹோபர்ட் உள்ளே போனான். அவள் பழையபடி ஜன்னலுக்கு வெளியே, பனியில் நின்றாள். கண்ணாடியைத் தட்டித் தட்டி, "மெதுவா! முகவாயைத் தாழ்த்தச் சொல்லு! முழுங்கட்டும்டா, மடையா!" என்று கத்தினாள். ஹோபர்ட் நல்லவன்தான். ஆனால் கன்றுக்குட்டிகளுக்குத் தீனி போட்டுப் பழகிய கை. டாய்ல் இருமினான். ஹோபர்ட் பயந்து இன்னொரு கரண்டி ஊட்டினான். கதவைப் போய் உதைத்தாள் ஓலெட்டா. திறக்கவில்லை.

அந்த வாரமே டாய்லுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் இறந்தான். தலைநகரத்தின் பதில் அதற்குப் பிறகு வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள்.

அவன் இறந்த அன்று அவளைக் கூட்டிப் போவதற்காக எங்கள் வண்டியை இல்லத்து வாசலில் நிறுத்தியிருந்தேன். எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று சாக்குச் சொல்லி, உள்ளே வெதுவெதுப்பாக வைத்திருந்தேன். அவள் ஏறவில்லை. ஹோபர்ட் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

"என்னைக் கேட்டானா?" என்றாள்.

ஹோபர்ட் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். ஊரில் அவனளவுக்குப் புளுகுகிறவன் கிடையாது. ஒரு புளுகு போதும். அதை அவிழ்த்துவிடு ஐயா என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"கேக்கல, ஓலெட்டா. உன்னைத் தேடவே இல்ல. 'உக்காருடா, அவ அடுப்படியில இருக்கா, காபி கொண்டுவருவா'ன்னு சொல்லிட்டே இருந்தான்."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன்."

அவள் அந்த ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே யாரோ திரையை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள்.