அப்பா புகழ்ந்த படம்

என் ஆயுசில் நான் பார்த்த படுமோசமான படத்துக்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். காணாமல் போன தங்கையை அக்கா தேடி அலையும் திகில் படம் அது. கொலைகாரன் யாரென்று இடைவேளைக்கு முன்பே எட்டு வயதுப் பெண்ணான எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அக்காவுக்குத்தான் கடைசிவரை தெரியவில்லை.

எங்களுக்கு ஊர் மலைமேல் இருக்கும் மஞ்சக்குட்டை. அம்மாவின் தங்கை தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து, பக்கத்து வீட்டுப் பெரிய மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், சித்தியின் பேரையே யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். போய்ப் பார்க்கிறவர்களும் தன் வீட்டுப் படியேற வேண்டாமாம். சித்திக்குக் குழந்தை பிறந்த சேதி மட்டும் எப்படியோ மலையேறி வந்திருந்தது. இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. சித்தியின் முகம்கூட எனக்கு நினைவில்லை. அன்றைக்கு நாங்கள் சேலத்துக்குச் சினிமா பார்க்கத்தான் போனோம்.

கொண்டைஊசி வளைவுகளில் வாந்தியெடுத்து முடித்துப் போய்ச் சேர்ந்தால், தியேட்டர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. அப்பா தலைவலி என்று ஜீப்பிலேயே இருந்துவிட்டார். அத்தனை நாற்காலி காலியாகக் கிடக்க, கைக்குழந்தையோடு ஒருவர் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அம்மா குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். இந்தப் படத்துக்கெல்லாம் அழுகிறாரே என்று எனக்கு மானம் போயிற்று. இருவரும் படம் முடியும்வரை பேசினார்கள். குழந்தை வீறிட்டபோதும் அதட்ட ஆளில்லை. படம் கொஞ்சம் சுமாராக இருந்திருந்தால்கூட அந்த மூன்று மணி நேரம் அவர்களுக்கு வாய்த்திருக்காது.

திரும்பி வந்ததும் மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“ஏங்கண்ணு, படம் எப்புடி இருந்துச்சு?”

“நல்லாவே இல்லீங்க மாமா. பக்கத்துல ஒரு பாப்பா வேற...”

அப்பா குறுக்கே புகுந்தார். “புள்ள பாதியில தூங்கிருச்சுங்க மச்சான், அதுக்கென்ன தெரியும்? நொம்ப அருமையான படமுங்க. ஒருக்காப் பாத்தா வெளங்காது. அடுத்த வாரமும் போகோணும்.”

“அப்புடீங்களா மாப்ள? போயிட்டு வாங்க.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தியேட்டருக்குள் காலே வைக்காதவர் இப்படிப் புளுகுகிறாரே! அப்பாவுக்கு சினிமா ரசனை துளியும் கிடையாது என்று அன்றே முடிவு கட்டினேன். கேட்டது மாமாவாக இருக்க, அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னது ஏனென்றும் எனக்குப் புரியவில்லை.