ஏழு மணிக்கு மேல் இறால் உரிக்கக் கூடாது

1. இன்ஸ்பெக்டர் வந்த மாலை

மண்டபத்தில் நான் சூப்பர்வைசராக இருந்த இறால் கம்பெனிக்கு அன்று நல்ல வரத்து. விடியலில் போன படகுகள் பொழுதடைந்துதான் கரைக்கு வரும். ஏழு மணி தாண்டியும் பெண்கள் ஷெட்டில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தபோது ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழு மணிக்கு மேல லேடீஸை வேலைக்கு வைக்கக் கூடாது, தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா இறால் காத்திருக்காதே."

கருவாட்டுக்கும் டின் மீனுக்கும் அந்த விதியிலிருந்து விலக்குத் தர வழி உண்டு, இறாலை உறைய வைத்து அனுப்பும் எங்கள் ஃப்ரீசிங் அதில் சேராது என்றார். ஒரு மாதத்துக்குள் சட்டப்படி ஃபேக்டரியை நடத்த எழுத்தில் ஒரு திட்டம் வேண்டும். இல்லாவிட்டால் கேஸ்.

2. கஞ்சி

முதலாளி கமால் ஹாஜியார், கீழக்கரைக்காரர். மறுநாள் காலையில் விஷயத்தைக் கேட்டதும் சொன்னார்: "பொம்பளையள நிறுத்திட்டு ஆம்பளையளப் போடு தம்பி. அதுதான் திட்டம். எழுதிக் கொண்டா."

மத்தியானத்துக்குள் செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. உரிக்கிற பெண்களுக்காகப் பேச, அவர்களில் ஒருவரான சவேரியம்மாள் ஆபீசுக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"எங்களக் காப்பாத்துற சட்டம்ங்கிறாக. எங்க கஞ்சியில மண்ணப் போட்டுப்புட்டு யாரக் காப்பாத்தப் போறீக?"

யோசித்துவிட்டுக் கேட்டேன். "சாயங்காலம் வர்ற இறாலை ஆம்பளைங்க கழுவி ஐஸ்ல போட்டு வச்சா, விடிஞ்சு ஆறு மணிக்கு வருவீகளா?"

"வருவோம். கைப்பிள்ளைய எங்கன விடுறது? பொழுதடைஞ்சா வீட்டுக்காரு கரையில இருப்பாக, பிள்ளையப் பாத்துக்கிருவாக. காலையில கடலுக்குல்ல போயிருவாக?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. சட்டப் புத்தகத்தைத் திரும்பப் புரட்டினேன். எங்கள் அளவுக்குப் பெண்கள் வேலை செய்யும் ஃபேக்டரியில் குழந்தைகளுக்கு ஒரு அறையும், பார்த்துக்கொள்ள ஆளும் இருக்க வேண்டும். எங்களிடம் இரண்டும் கிடையாது. இன்ஸ்பெக்டரும் அதைக் கேட்கவில்லை. இருந்தாலும் திட்டத்தில் எழுதினேன்.

ஹாஜியார் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "ஒரு ஓட்டைய அடைக்கச் சொன்னா, நீ புதுசா ஒண்ணத் தோண்டுறியே தம்பி!"

"இது இல்லாம அது நடக்காது மொதலாளி."

"ராத்திரி ஐஸ்ல கெடந்த இறால் காலையில கறுத்துப் போச்சுன்னா? கொச்சி பார்ட்டி மொத்தத்தையும் திருப்பிருவான்."

"ஒரு தடவ பாத்துருவோம். கெட்டுப்போனா நீங்க சொன்னபடியே எழுதுறேன்."

அன்று சாயங்காலம் வந்த இறாலை ஆம்பளை ஆட்களை வைத்துக் கழுவி ஐஸ் தொட்டியில் போட்டு வைத்தேன். அத்தனை வீட்டு அடுப்பும் அந்த ஐஸ் தொட்டிக்குள் கிடந்தது.

3. தொட்டி

மறுநாள் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு ஹாஜியார் நேராக ஷெட்டுக்கு வந்தார். பெண்கள் முன்பே வந்து நின்றார்கள். சவேரியம்மாள் தொட்டிக்குள் முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஒரு இறாலை எடுத்தார். தலையைக் கிள்ளி, முகர்ந்து பார்த்து, ஹாஜியாரிடம் நீட்டினார். அவரும் முகர்ந்தார். இன்னொன்று எடுக்கச் சொன்னார். அதையும் முகர்ந்தார்.

"மாஷா அல்லாஹ்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உப்புக் குடோன் சும்மாதானே கெடக்கு? சுண்ணாம்பு அடி. தொட்டில் கட்டுறதுக்கு உத்தரம் தாங்குமான்னு மொதல்ல பாரு."

பெண்களிடையே சிரிப்புக் கிளம்பியது.

தவணை முடிந்து இன்ஸ்பெக்டர் வந்தபோது குடோனில் தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன. உரிக்கிறவர்களில் வயதான ஒரு அம்மா ஆயாவாகியிருந்தார். "இதை நான் கேட்கவே இல்லையே" என்றார் இன்ஸ்பெக்டர். "அவங்க கேட்டாங்க சார்" என்றேன்.

கொஞ்ச காலம் கழித்து, பக்கத்துக் கம்பெனி மேனேஜர் எங்கள் திட்டத்துக்கு ஒரு காப்பி கேட்டு வந்தார். கொடுத்தேன். சட்டம் எல்லா ஃபேக்டரிக்கும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு ஃபேக்டரியிலும் வேலை செய்கிறவர்களின் காலையும் மாலையும் ஒன்றல்ல என்பதை இத்தனை வருஷ வேலையில் நான் கற்றது அந்த மாதத்தில்தான். அதையே அவருக்கும் என் பாணியில் சொன்னேன்:

"அப்படியே பாத்து எழுதிராதீக சார். மொதல்ல உங்க ஷெட்டுக்குள்ள போய் ஒக்காருங்க."