தேசம்மா சொன்னதும் நான் சொன்னதும்

ஒரு பெண் கேட்ட மன்னிப்பை, கேட்கப்பட்டவளிடம் நான் சேர்க்கவில்லை. கிடைக்காத மன்னிப்பைக் கிடைத்துவிட்டதாகக் கேட்டவளிடம் சொன்னேன். இருவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்தவள் நான். இரண்டு பக்கமும் பொய் சொன்னேன்.

நான் செய்தது இதுதான். இனி உங்களிடம் சொல்லப்போவது எப்படிச் செய்தேன், ஏன் செய்தேன் என்பதை. ஏன் என்பது எனக்கே முழுதாகத் தெரியாது...

ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம் எங்களுடையது. கடையையும், எனக்காகப் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளையையும் விட்டுவிட்டுப் படம் எடுக்கப் போனேன். அன்றோடு அப்பா என்னிடம் பேச்சை நிறுத்தினார். விம்கோ நகரில் ஒரு மாடி அறை. உதவி இயக்குநராக நான் உழைத்த படங்களில் பாதி வெளிவரவேயில்லை. வெளிவந்தவற்றில் என் பெயர் வரவில்லை. பண்டிகை நாட்களில் கீழ்வீட்டுக்காரர்கள் பலகாரம் கொடுத்தனுப்புவார்கள். தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுப்பதுதான் அந்த நாட்களில் நான் மனிதர்களோடு பேசும் பேச்சு.

அப்படி இருந்த காலத்தில் ஒரு வேலை வந்தது. ஆப்பிரிக்க நாடுகளில் முதல் படம் எடுக்கக் காத்திருக்கும் இளம் இயக்குநர்களுக்கு, வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று சென்னையில் பயிற்சி முகாம் நடத்தியது. கதையைச் செதுக்கவும் செலவுக் கணக்குப் போடவும் கற்றுக்கொடுப்பார்கள். கடைசி நாளில் ஒவ்வொருவரும் மேடையேறி, நிதி தருபவர்கள் முன்னால் சில நிமிடங்களுக்குள் தன் படத்தைச் சொல்லிப் பணம் கேட்க வேண்டும். பிட்சிங் என்பார்கள் அதை. வந்தவர்களுக்குத் துணைக்குப் போகவும் மொழிபெயர்க்கவும் உள்ளூர் ஆள் தேவைப்பட்டது. போனேன்.

அங்கேதான் எஃபுவாவைச் சந்தித்தேன்.

கானா நாட்டின் துறைமுக ஊர் ஒன்றிலிருந்து வந்தவள். என்னைவிடப் பத்து வயது இளையவள். முதல்முறை எண்ணூருக்கு அழைத்துப்போனபோது மீனும் டீசலும் கலந்த வாடையை மூச்சிழுத்து உள்வாங்கிக்கொண்டு, "இது எங்க ஊர்தான், சிஸ்டர்!" என்று சிரித்தாள். என்னை ஒருவர் உறவு சொல்லிக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது!

அவள் சென்னை முகாமுக்கு விண்ணப்பித்ததற்குக் காரணம் அவள் அண்ணன் கோபினா. சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். சில வருடங்களுக்கு முன்பு அவனுடைய கப்பல் எண்ணூர்த் துறைமுகத்துக்குள் நுழைய முறை வரும்வரை வெளியே கடலில் நின்றிருந்தது. ஒரு விடியற்காலையில் அவன் கடலில் விழுந்துவிட்டான். உள்ளூர் மீனவர் ஒருவர் உடலைக் கரைசேர்த்தார் என்று கப்பல் நிறுவனம் தெரிவித்தது. வேறு எதுவும் குடும்பத்துக்குத் தெரியாது. "அந்த மீனவரைப் பார்க்கணும். அவ்வளவுதான் என் படம்" என்றாள் எஃபுவா.

முகாமில் பயிற்சி கொடுத்த வெள்ளைக்காரர் அவள் கதையைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "துயரம் இருக்கிறது. வெளிச்சம் எங்கே? நிதி தருபவர்கள் வெளிச்சத்தைத்தான் தேடுவார்கள்" என்றார்.

அன்று மதியம் சாப்பாட்டைத் தொடாமல் எஃபுவா என்னிடம் சொன்னாள்: "எங்க நாட்டுல இந்த மாதிரிப் படத்துக்குப் பணம் தர ஆளில்லை. வெளியிலதான் கேட்கணும். வெளியில கேட்டா, நம்ம அழுகை அவங்களுக்குப் பிடிச்ச அளவுல இருக்கணும்."

பிறகு என் கையைப் பிடித்தாள். "நிதி கிடைச்சா நீதான் என் இணைத் தயாரிப்பாளர். திரையில உன் பேர் வரும், சிஸ்டர்."

என் பெயர்! அந்த ஒரு சொல்லுக்காக நான் குப்பம் குப்பமாக அலைந்தேன். கடைசியில் தெரிந்தது, கோபினாவைக் கரைசேர்த்தவர் ஏழுமலை. அவர் இப்போது இல்லை. அவர் மனைவி தேசம்மா எண்ணூரில் மீன் விற்கிறாள். நான் தேடிப்போய் விஷயத்தைச் சொன்னதும் அவள் கையிலிருந்த மீனை அப்படியே கீழே வைத்தாள். "அந்தக் கப்பல்காரப் புள்ளயோட தங்கச்சியா?" என்று கேட்டாள். கையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டாள். பிறகு, "இட்டுனு வா" என்றாள்.

பிட்சிங்குக்கு முந்தின நாள் போனோம். ஒற்றை அறை வீடு. எஃபுவாவே கேமராவைப் பிடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேசம்மா என்னைப் பார்த்துப் பேசவில்லை. எஃபுவாவை நேராகப் பார்த்துப் பேசினாள், அவளுக்குத் தமிழ் புரியும் என்பதைப் போல.

"அந்தப் புள்ள சாவலம்மா. எங்கூட்டுக்காரரு உசுரோடதான் கொண்டாந்தாரு. மூச்சு இருந்துச்சு. கண்ணத் தொறந்து தொறந்து பாத்துச்சு. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிருந்தா பொயச்சிருக்கும்."

தேசம்மா நிறுத்தவில்லை.

"அதுக்கு முன்னாடி எங்க குப்பத்து ஆளு ஒருத்தன் ஒரு பொணத்த இட்டாந்து, டேசன்ல அடி வாங்கி, மாசக்கணக்கா அலஞ்சான். அந்த பயம். பஞ்சாயத்தாருங்க வரட்டும், அவங்க இன்னா சொல்றாங்களோ அப்டி செய்யலாம்னு சொன்னாரு எங்கூட்டுக்காரரு. அவங்க அல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க. நாங்க குந்திகினே இருந்தோம். நான் வாயில தண்ணி ஊத்துனேன். என் கல்யாணப் பொடவைய போத்திவுட்டேன். அது 'மாமே, மாமே'ன்னு கூப்ட்டுகினே இருந்துச்சு. 'என்னத்தான்டி கூப்புட்றான், தோஸ்த கூப்புட்ற மாதிரி கூப்புட்றான்'னு எங்கூட்டுக்காரரு அயுதாரு. அப்பால... அடங்கிடுச்சு. போலீசாண்ட, கெடைக்கசொல்லோவே பொணந்தான்னு சொல்லிட்டோம்."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்த அந்தப் பொண்ணாண்ட சொல்லும்மா. அதுக்குத்தான் வரச்சொன்னேன். மன்னிச்சிட சொல்லு. மன்னிக்காட்டியும் பரவால்ல. மூஞ்சில காறித் துப்பிட்டுப் போவ சொல்லு."

எஃபுவா கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "என்ன சொல்றாங்க?"

நான் வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து என்ன வரும் என்று அந்தக் கணம்வரை எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது!

"உங்க அண்ணன் கிடைச்சப்பவே உயிர் இல்லையாம். முகத்துல வலியே தெரியலையாம், தூங்குற மாதிரி இருந்தாராம். இவங்க தன்னோட கல்யாணப் புடவையைப் போர்த்தி, சொந்தப் பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டாங்களாம்."

புடவை மட்டும் உண்மை. அதை ஏன் விட்டுவைத்தேன்? அது அழகாக இருந்தது... அதனால்தான்.

"'மாமே, மாமே'ன்னு சொன்னாங்களே?"

"இங்க ஆம்பளைங்க தோஸ்தை அப்படித்தான் கூப்பிடுவாங்க. இவங்க வீட்டுக்காரர் உதவிக்கு ஆள் கூப்பிட்டிருக்கார்."

எஃபுவா கேமராவைக் கீழே வைத்தாள். தேசம்மாவின் முன் மண்டியிட்டு, அவள் கைகளைப் பற்றித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். தேசம்மா என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா சொல்லுது கண்ணு? மன்னிச்சிடுச்சா?"

"மன்னிச்சிட்டாங்கக்கா."

தேசம்மா பெருங்குரலெடுத்து அழுதாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி நன்றியில் அழுதாள், மற்றவள் வருடக்கணக்காகச் சுமந்ததை இறக்கிவைத்த நிம்மதியில் அழுதாள். இருவருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும். அந்தச் சின்ன அறையில் எங்கள் முழங்கால்கள் இடித்துக்கொண்டிருந்தன... அத்தனை நெருக்கத்தில் அவ்வளவு தனியாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

இதுவரை கேட்டுவிட்டு, பதறிப்போய்ச் சொன்ன பொய் என்று நீங்கள் இரக்கப்படலாம். வேண்டாம். இனிமேல்தான் இருக்கிறது.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் நின்றோம். மணலி பக்கம் போகும் டேங்கர் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. எஃபுவா ஊருக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் குரல் கேட்டதும் அவள் முகம் குழந்தை முகமானது.

"மாமே!" என்றாள்.

அவள் பேசி முடிக்கும்வரை நான் காத்திருந்தேன். "யார்கிட்ட பேசினே?" என்று கேட்டேன்.

"அம்மாகிட்ட. அண்ணன் வலியில்லாமப் போனான்னு சொன்னேன். அழறாங்க."

ஏழுமலையைக் கோபினா கூப்பிடவில்லை. நண்பனையும் கூப்பிடவில்லை. ஐயோ... அந்தப் பையன் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறான்! முன்பின் தெரியாத கரையில் கிடந்து, கடைசி மூச்சுவரை அம்மாவை அழைத்திருக்கிறான். அந்த அம்மா ஒரு நிமிடம் முன்புவரை போனின் மறுமுனையில் இருந்தாள்.

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். எஃபுவா என் தோள் உரசி நின்றிருந்தாள். அவளை உட்காரவைத்து, 'நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்று தொடங்கினால் போதும். மறுநாள் காலை அவள் மேடையேற வேண்டும். இதைச் சொன்னால் ஏறுவாளா? ஏறினாலும், பயத்தில் ஒருவனைச் சாகவிட்ட கதைக்கு வெளிச்சம் தேடும் அந்த மனிதர்கள் பணம் தருவார்களா? என் பெயர் என்ன ஆகும்? இவ்வளவையும் நான் யோசித்தேன். நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக யோசித்தேன்.

பஸ் வந்தது. ஏறினோம்.

மறுநாள் எஃபுவா மேடையில் சொன்னாள்: "என் அண்ணன் அந்நியக் கரையில் ஒதுங்கினான். ஒரு தாய் தன் கல்யாணப் புடவையை அவனுக்குப் போர்த்தினாள்." அந்த வெள்ளைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நிதி கிடைத்தது. எல்லோரும் எழுந்து கைதட்டியபோது எஃபுவா என்னை மேடைக்கு இழுத்துப்போனாள். நானும் சிரித்தேன். புகைப்படம் இருக்கிறது.

படத்துக்குத் தமிழிலிருந்து ஆங்கில வசனவரிகளை நானே எழுதினேன். வேறு யாரையும் எழுதவிடவில்லை. மாமே என்று வரும் இடத்தை, ஒலி சரியில்லை என்று சொல்லி வெட்டவைத்தேன். படம் பல நாடுகளுக்குப் போனது. சென்னையில் மட்டும் வேண்டாம், குப்பத்தில் பிரச்சினை வரும் என்றேன், எஃபுவா நம்பினாள். திரையில் தேசம்மா அழுதுகொண்டே உண்மையைச் சொல்கிறாள். அவள் முகத்துக்குக் கீழே என் பொய் வெள்ளை எழுத்துக்களில் ஓடுகிறது. இறுதியில் என் பெயர் வருகிறது.

முதன்முதலாக அதைப் பார்த்த அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அப்பாவின் எண்ணை எடுத்தேன்... வைத்துவிட்டேன். என்னவென்று சொல்வேன்?

எஃபுவாவின் அம்மா இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாராம். பார்த்தாயா, நல்லதுதான் நடந்திருக்கிறது என்று எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தாய் தாங்கமாட்டாள் என்று முடிவு செய்ய நான் யார்? மகன் தன்னைத்தான் கூப்பிட்டான் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை இல்லையா? சுமக்க முடியுமா முடியாதா என்று அவளிடம் யாராவது கேட்டோமா?

படத்துக்காக, பெயருக்காகத்தான் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டு முடித்துவிடலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. போன மாதம் தேசம்மாவை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தகவல் வந்து, பார்க்கப் போனேன். உடம்பு பாதியாகியிருந்தது. "அந்தப் பொண்ண ஒருவாட்டி போன்ல காட்டு கண்ணு" என்றாள்.

வீடியோவில் அழைத்தேன். எஃபுவா இப்போது தன் ஊரில் இளம் இயக்குநர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். மேடையில் எப்படிப் பேசுவது, யாரிடம் எப்படி நிதி கேட்பது என்றெல்லாம் சொல்லித்தருகிறாள். வகுப்பின் நடுவிலிருந்து வெளியே ஓடிவந்து திரையில் கையசைத்தாள்.

தேசம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அது மாமே, மாமேன்னுச்சே, மெய்யாலுமே யாரக் கூப்ட்டுச்சுன்னு கேளு. தன்னத்தான்னு நெனச்சிகினே எங்கூட்டுக்காரரு பூட்டாரு. எனக்கு அது மட்டும் தெரியணும்."

திரையில் எஃபுவா சிரித்தாள். "மாமேன்னு சொல்றாங்களே, என்னையும் தோஸ்த்னு கூப்பிடுறாங்களா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அன்று பிட்சிங் இல்லை. நிதி இல்லை. எனக்குக் கிடைக்கவோ இழக்கவோ எதுவும் இல்லை. ஒரே ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொன்னால் போதும். வாயைத் திறந்தேன்.

"ஆமாம், அன்பா கூப்பிடுறாங்க. மறுபடி எப்ப வருவேன்னு கேட்கிறாங்க" என்று அவளிடம் சொன்னேன்.

"உங்க வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டாராம்க்கா" என்று இவளிடம் சொன்னேன்.

தேசம்மா கண்ணை மூடிக்கொண்டு, "அப்ப சரி" என்றாள். என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கையை இழுத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இழுக்கவில்லை.

பயமா, பழக்கமா, இரக்கமா... அன்று என்னைப் பேசவைத்தது எது? உங்களிடம் கேட்கிறேன். கேட்பதற்கு வேறு ஆள் எனக்கு இல்லை.

அறைக்குத் திரும்பி விளக்கைப் போடும்போது எஃபுவாவிடமிருந்து செய்தி வந்தது. 'உன் குரல் ஏன் நடுங்கியது, சிஸ்டர்? உடம்பு சரியில்லையா?'

சளி பிடித்திருக்கிறது என்று எழுதினேன்.

'தனியாக இருக்கிறாய். உடம்பைப் பார்த்துக்கொள்' என்று உடனே பதில் வந்தது.