கோதுமை நிறுத்திய ஞாயிறுகள்

மகள் கல்லூரிப் படிக்கட்டில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று தொலைபேசி வந்தபோது நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். திண்டுக்கல் பேருந்து நிலைய நெரிசலைத் தாண்டி மருத்துவமனைக்கு எப்படி வண்டி ஓட்டினேன் என்பது இன்றும் நினைவில் இல்லை. தைராய்டு குறைவு என்றார்கள். உடம்பே கழுத்திலுள்ள தன் சுரப்பியைத் தாக்குகிற வகை. தினமும் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க. அவளுக்கு இருபத்தொரு வயது.

ஆயுள் முழுக்க என்று கேட்டபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கைபேசியில் தேடினேன். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தை விட்டால் தைராய்டு சரியாகும் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். மறுநாளே ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. பெருங்காயத்தில்கூட கோதுமை மாவு சேர்க்கிறார்கள் என்று டப்பாவைத் திருப்பிப் படித்துத் தெரிந்துகொண்டேன். சாம்பார் மணமில்லாமல் போயிற்று. மகள் மாத்திரையையும் விடவில்லை, என் பேச்சையும் தட்டவில்லை.

ஞாயிறு காலை மாதா கோயிலுக்குக் கிளம்பும்போதுதான், பூசையில் சாமியார் தருகிற நற்கருணை அப்பமும் கோதுமை என்பது உறைத்தது. வாங்க வேண்டாம் என்றேன்.

"அது இம்புட்டுதானப்பா, நகத்தளவு."

"இம்புட்டா இருந்தாலும் கோதுமை கோதுமைதான்."

அவளுடைய வரிசை முழுக்க எழுந்து போனபோது அவள் மட்டும் முழங்காலில் இருந்தாள். மற்றவர்கள் அவள் காலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் பங்கில் வயது வந்த பெண் நன்மை, அதாவது அந்த அப்பம், வாங்காவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல முடியாத பாவம் ஏதோ இருக்கிறது. பிறந்ததிலிருந்து அதே கோயிலுக்குப் போகும் எனக்கு அது தோன்றவே இல்லை. என் கவனமெல்லாம் மாவின்மேல் இருந்தது.

மூன்றாவது ஞாயிறு, எங்கள் தெருவில் ஜெபம் நடத்துகிற அம்மாள் கோயில் வாசலில் என் மனைவியை நிறுத்தினார்.

"என்னத்தா, மக மூணு வாரமா நன்ம வாங்கலியே. ஏதும்னா சாமியார்ட்ட பேசச் சொல்லு. வயசுப்புள்ள."

"அவளுக்குக் கோதுமை ஆகாதுக்கா."

"கோதும ஆகாதா? ரெண்டு மாசத்துக்கு முந்தி எங்க பேரன் பொறந்தநாளுக்கு கேக்கு ரெண்டு துண்டு தின்னாளே."

வழி முழுக்க மனைவி எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டு வாசலில் மகள் என் பக்கம் திரும்பினாள். "கோயிலுக்கு வர்ற புள்ளைக எல்லாம் எவன்னு கேக்குறாளுகப்பா." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சீலியாக்னு ஒரு நோய் இருக்கு சார். கோதுமை குடலையே கெடுத்துரும். இந்த மாதிரி தைராய்டு உள்ளவங்களுக்கு அது கொஞ்சம் கூடுதலா வருது. அது இருந்தா அடியோட நிறுத்தித்தான் ஆகணும். இல்லேன்னா, நிறுத்துறதால தைராய்டு சரியாகும்னு சொல்ல உறுதியான ஆதாரம் இல்ல. டெஸ்ட் பண்ணிரலாம். ஆனா நீங்கதான் நிறுத்திட்டீங்களே, இப்ப எடுத்தா சரியாக் காட்டாது. சில வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுட்டு வரட்டும்."

எந்த மாவுக்குப் பயந்தேனோ அதை நானே வாங்கி வந்தேன். ஒவ்வொரு வாய் உள்ளே போகும்போதும் என்ன ஆகுமோ என்று அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ புரோட்டாவும் கேட்டாள். "டாக்டர் குடுத்த மருந்துப்பா. சால்னா தனியா கட்டச் சொல்லுங்க."

அந்த ஞாயிறு அவளும் வரிசையில் போய் நன்மை வாங்கினாள். வாசலில் அதே அம்மாள் நின்றார்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டியாத்தா?"

"டாக்டர்ட்ட பண்ணிட்டேன் பெரியம்மா. தினம் ரெண்டு சப்பாத்தி அபராதம்."

சில வாரம் கழித்து டெஸ்ட் எடுத்து முடிவு வந்தது. சீலியாக் இல்லை. மாத்திரையில் தைராய்டு அளவும் சீராகி வருகிறது, அதை மட்டும் வெறும் வயிற்றில் ஒழுங்காகப் போடட்டும் என்றார் மருத்துவர். மனைவி அழுதாள். எனக்கும் நிம்மதிதான். ஆனால் அந்த நோய் இருந்திருந்தால் தடுக்கவும் விலக்கவும் என் கையில் ஏதாவது இருந்திருக்கும். மாத்திரையை அவளே எழுந்து அவளே போட்டுக்கொள்கிறாள். எனக்கென்று ஒரு வேலையும் இல்லை.

அன்று சாயங்காலம் சப்பாத்தியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"என் கழுத்தையே பாக்காதீங்கப்பா. தட்டப் பாருங்க, ஆறுது."