விளக்கைத் தூக்கிப் பார்த்தவன்

ஐந்து பேர் சேர்ந்து ஒரு பெட்டகத்தை உடைக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் அது. திட்டம் கச்சிதம், ஆட்கள்தான் சரியில்லை. கொள்ளை ஒழுங்காக நடந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தே எல்லாரும் அழிகிறார்கள். போலீசுக்குப் பெரிதாக வேலையே இல்லை.

காரைக்குடியில் என் நண்பரின் பூர்வீக வீட்டில் அதைப் பார்த்தோம். ஞாயிறு மதியங்களில் நண்பரும் நானும் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும் அங்கே கூடுவோம். முன்கூடத்து ஜன்னல்களைச் சாத்தினால் இருட்டு தயார். நண்பர் புரொஜெக்டர் வாங்கியிருந்தார். வாத்தியார் படங்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவார். நான் முறுக்கு வாங்கிப் போவேன்.

அந்த வீட்டில் பாதிதான் நண்பருடையது. மறுபாதி, நேமத்தான்பட்டியில் இருக்கும் அவருடைய சித்தப்பாவுக்கு. முன்வாசல், பின்வாசல் சாவிகள் இருவரிடமும் உண்டு, பேச்சுவார்த்தைதான் இல்லை. பொது அறையிலிருந்து ஒரு சாமான் வெளியே வரவேண்டுமென்றால் பங்காளிகள் எல்லாரும் கூட இருக்கவேண்டும் என்பது அந்த வீட்டு முறை. அன்று நண்பர் அதைப் பொருட்படுத்தாமல், எங்களுக்குக் காட்டவென்று ஒரு வெள்ளிக் குத்துவிளக்கை எடுத்து வந்தார். நான் தூக்கிப் பார்த்து, "நல்ல பழைய வெள்ளி" என்றேன். பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து, வங்கியில் நகை மதிப்பீட்டாளராக வேலை பார்த்தவன் வேறென்ன சொல்வான்? விளக்கை எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் மேசையில் வைத்துவிட்டுப் படத்தைப் போட்டார்.

பாதிப் படத்தில் என் மகள் போன் செய்தாள். எழுந்து முற்றத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தேன். படம் முடிந்து ஜன்னலைத் திறந்தால் மேசை காலியாக இருந்தது.

மேசைக்கு அடியில் தேடினோம், பொது அறைக்குள்ளும் போய்த் தேடினோம். பிறகு வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டார்.

"நடுவுல நீங்க எந்திரிச்சுப் போனீகள்ல, யாரையும் பாத்தீகளா?"

"இல்லை. நீங்க யாராவது பாத்தீகளா?"

"பின்னாடி யாரோ நடந்த மாதிரி இருந்துச்சு. நீங்கதான்னு நெனச்சேன்."

மரியாதையான கேள்வி, மரியாதையான பதில். "தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்", பெற்றவள் பொன்னிலும் கொஞ்சம் திருடிக்கொள்வான் என்று என் முகத்துக்கு நேராகவே எத்தனையோ முறை சொல்லிச் சிரித்தவர் அவர். நானும் கூடவே சிரித்திருக்கிறேன். அன்று அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் துணிப்பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தேன். குடை, கண்ணாடிக் கூடு, சர்க்கரை மாத்திரை, மிச்ச முறுக்கு எல்லாம் விழுந்தன. "ஐயய்யே, இப்ப யாரு கேட்டா?" என்றார் நண்பர். அவர் சொன்னது அப்படி. ஆனால் பை காலியாகும்வரை அவர் கண் அதைவிட்டு நகரவில்லை. குத்துவிளக்கு அந்தப் பைக்குள் அடங்காது என்பது மூன்று பேருக்கும் தெரியும். அப்படியும் பார்த்தார். வீட்டுக்கு நடந்துவரும்போது, முற்றத்தில் நின்றபோது பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேனா என்று எனக்கே ஐயம் வந்தது. சந்தேகம் பொல்லாதது, அதற்கு ஆளானவனையே தன்மேல் சந்தேகப்பட வைத்துவிடுகிறது.

அந்த வாரம் ஒரு கல்யாணத்தில்தான் விஷயம் வெளிவந்தது. சித்தப்பாவின் மனைவி, அந்த ஆச்சி, பந்தியில் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறார்: "பொதுச் சாமானை எடுத்து வெளிய வச்சுக்கிட்டு மூணு பேரும் படம் பாக்குறாக. இவுக பின்வாசல் வழியாப் போயி கையோட எடுத்துக்கிட்டு வந்துட்டாக." பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் மகனிடம் எப்படிச் சொல்லிவிட்டு எடுப்பது? அதனால் சித்தப்பா எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே வந்து எடுத்துப் போயிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது களவே இல்லை.

வாத்தியார் போன் செய்தார். "விளக்கு கிடைச்சிருச்சு, தெரியுமா?"

"என்மேல சந்தேகப்பட்டீகளே" என்றேன்.

"நாங்க எப்ப அப்படிச் சொன்னோம்? நீங்களாத்தான் பையக் கவுத்தீக."

உண்மைதான், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததற்கு மன்னிப்பும் கேட்கமாட்டார்கள், நானும் யாரையும் மன்னிக்க முடியாது. இந்த வயதில் புதிதாக நண்பர்களைத் தேட எனக்குத் தெம்பில்லை. போகாமல் இருந்துவிட்டால், "பாத்தியா, வரலை" என்று பேசவும் இடமாகிவிடும். அடுத்த ஞாயிறும் போனேன்.

நண்பர் வாசலிலேயே நின்றிருந்தார். வழக்கத்தைவிடப் பெரிய சிரிப்பு. வடை வாங்கக் கடைக்குக் கிளம்பியவர், வீட்டுச் சாவியை என் கையில் வைத்து அழுத்தினார்.

"நீங்களே வச்சிருங்க. உள்ள போயி உக்காருங்க, இந்தா வந்துர்றேன்."

இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவர் சாவியை என்னிடம் தந்ததில்லை, வாத்தியாரிடமும் தந்ததில்லை. நம்புகிறவர்களிடம் யாரும் நம்பிக்கையை இப்படிக் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை. வாங்கிக்கொண்டேன். அவர் திரும்பி வரும்வரை உள்ளே காலெடுத்து வைக்காமல், தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி வெயிலிலேயே நின்றேன்.